பின்சீட்டில் படுத்துப் பார்த்த நாள்

மகளுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியபோது மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். கட்டு நனையக் கூடாது. கால்விரல்கள் நீலம் பாய்கின்றனவா, வீங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அரித்தால் கட்டுக்குள் எதையும் நுழைத்துச் சொறியக் கூடாது. இப்படித் தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வரை குழந்தையை எப்படிக் கொண்டுபோவது என்று மட்டும் அதில் இல்லை.

அவளுக்கு ஒரு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நடக்கத் தொடங்கியபோது இடது பக்கமாகச் சாய்ந்தாள். குழந்தைகள் எல்லோரும் அப்படித்தான் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எக்ஸ்ரே எடுத்ததில், தொடை எலும்பின் மேல்முனைப் பந்து, இடுப்பில் அது உட்கார வேண்டிய குழியில் உட்காரவில்லை என்று தெரிந்தது. பிறப்பிலேயே அப்படியாம். மயக்கம் கொடுத்து, பந்தைக் குழிக்குள் நிறுத்தி, மார்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை கட்டுப் போட்டார்கள். இரண்டு கால்களும் அகன்று, தவளையைப் போல விரிந்து நின்றன. சில வாரங்கள் இந்தக் கட்டு, பிறகு மாற்றி இன்னொன்று. அதுவரை பந்து குழியிலேயே நிற்க வேண்டும். நழுவினால் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் அந்த ஒரு சொல்தான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நழுவினால்.

விரிந்த கால்களோடு அவளைப் பேருந்தில் கொண்டுபோக முடியாது. எங்களிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. என் கணவர் உப்பளத்தில் சூப்பர்வைசர். பாத்தியிலிருந்து வரும் உப்பை மூட்டை கட்டி லாரிகளில் ஏற்றிவிடும் வேலை. அந்தக் காரில்தான் வேலைக்குப் போவார், வருவார். பின்சீட்டில் இடது கதவை ஒட்டி நான் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வைத்து, அவளைச் சீட்டின் குறுக்கே படுக்க வைத்தேன். கட்டுக்குக் கீழே தலையணைகள்.

முதல் பயணத்தில் ஈசிஆர் ரோட்டில் வந்த வரை ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியதும் ஆரம்பித்தது. உப்பளத்து ஓரமாக வரும் ரோட்டில் தார் அங்கங்கே வீங்கிக் கிடக்கும். வேகத்தடைகளை யார் போட்டார்கள் என்று தெரியாது. சிலது முழங்கால் உயரம். பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஏறி விழும்போது, கார் காலி டப்பாவைப் போலத் துள்ளியது. துள்ளி முடிந்து, ஒரு நொடி கழித்துத்தான் மகள் அழுவாள். அந்த ஒரு நொடிதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் அவரிடம் சொன்னேன். அடுத்த முறை காட்டப் போகும்போது இந்தக் காரில் போக முடியாது, அவளுக்கு உள்ளே என்ன ஆகிறதோ என்று. அவர் சிரித்தார். பயப்படும்போது அவர் சிரிப்பார், அது எனக்குத் தெரியும்.

"காலி வண்டிதான் குதிக்கும். லோடு வண்டி உக்காந்துதான் போவும். நான் பாத்துக்கிறேன், நீ சும்மா இரு" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டது இப்படி: டிக்கியில் இரண்டு உப்பு மூட்டை. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிது இல்லை. சரக்கு ஆட்டோக்காரர்கள் லோடு இல்லாமல் திரும்பும்போது ஒரு மூட்டையைப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் பெரியவர்களைக் கூட்டிப்போகும் காரிலும் போடுவார்கள். மணல் மூட்டை போடலாம், செங்கல் போடலாம். ஆனால் கையெட்டும் தூரத்தில் உப்பு கிடக்கிற ஊரில் யார் மணலைத் தேடுவார்கள்?

அடுத்த பயணத்தில் வித்தியாசம் உடனே தெரிந்தது. வேகத்தடையில் துள்ளல் இல்லை. கார் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. மகள் அழவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மனசார நன்றியாக இருந்தது.

அந்த நன்றி காலாப்பட்டு தாண்டும் வரைதான் இருந்தது. மெதுவாக இறங்கிய கார் அங்கேயே நிற்கவில்லை என்பதைக் கவனித்தேன். மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறவள் நின்ற பிறகும் உள்ளே தண்ணீர் அலம்பிக்கொண்டிருக்குமே, அப்படி. ஒரு வளைவில் திரும்பியபோது, சக்கரங்கள் திரும்பின, காரின் உடம்பு கொஞ்சம் தாமதமாகச் சாய்ந்தது, வளைவு முடிந்த பிறகும் அந்தச் சாய்வு முடியவில்லை. மகளின் கட்டு தலையணைகளோடு வலது கதவை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்தது. நான் இழுத்துக்கொண்டேன்.

"ஸ்டியரிங் பூ மாதிரி இருக்குது" என்று அவர் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. பின்னால் பாரம் அழுத்தினால் முன்பக்கம் தூக்கும். முன்சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஸ்டியரிங் லேசாகத்தான் இருக்கும். நான் திண்டிவனத்தில் பிஎஸ்சி இயற்பியல் படித்தவள். சுருள்கம்பியில் எடைகளைத் தொங்கவிட்டு, இழுத்துவிட்டு, அது ஆடும் நேரத்தைக் குறித்த பரிசோதனையை எல்லோரையும் போல நானும் செய்திருக்கிறேன். எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும். மெதுவாவதால் அது இதமாகத் தெரியும். ஆனால் நிற்காது. நிறுத்துவதற்கு வேறொன்று வேண்டும். காரில் அந்த வேலையைச் செய்வது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் தாங்கும், ஷாக் அப்சார்பர் அடக்கும். எங்கள் காரில் இருந்தவை பழசு; அதற்கு மேல் இரண்டு மூட்டைப் பாரம் வேறு.

இது எனக்குத் தெரிந்ததா, அல்லது தேர்வுக்காகப் படித்து எழுதியதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. காரை ஓட்டுகிறவர் அவர். தினமும் லாரிகளோடு இருக்கிறவர். மகள் அழவில்லை. பிறகு நான் என்ன சொல்ல? ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், ரொம்ப ஆடுகிற மாதிரி இருக்கிறதே என்று. குதித்தாலும் குற்றம், ஆடினாலும் குற்றமா என்று கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மூட்டைகளை அவர் எடுக்கவில்லை. அடுத்தடுத்துப் பயணம் இருந்தது, எதற்கு ஏற்றி இறக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். அதற்குள் மழை தொடங்கிவிட்டது. உப்பளத்தில் வேலை நின்றது. ஈரக்காற்று பட்டால் மூட்டை உப்பு கசியத் தொடங்கும், வீட்டு உப்புச் சாடியிலேயே அதைப் பார்க்கலாம். டிக்கியைத் திறந்தால் ஒரு மாதிரி கருவாட்டுக் கடை வாடை வந்தது. பின்பக்கம் வலது புறம் கார் சற்றுத் தாழ்ந்து நிற்பதாக எனக்குத் தோன்றியது. ரோடு சரிவு என்றார். வாசலில் நிறுத்தியிருக்கும்போதும் அப்படித்தான் நின்றது. வாசல் சரிவாக இருக்கலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது கட்டுப் போட்ட நாள் வெள்ளிக்கிழமை. மறுபடி மயக்கம், மறுபடி அதே காத்திருப்பு. பந்து குழியில் இருக்கிறது, இந்தக் கட்டோடு முடிந்துவிடும் என்றார் டாக்டர். மதியத்துக்கு மேல் கிளம்பினோம். தூறலாக இருந்தது. கோட்டக்குப்பம் தாண்டியதும் மகள் தூங்கிவிட்டாள். எங்கள் ஊருக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்த இடத்தில், ரோட்டின் நடுவே ஒரு மாடு படுத்திருந்தது. மழைக்காலத்தில் தார் ரோடு மட்டும்தான் கொஞ்சம் காய்ந்து கிடக்கும், மாடுகள் அங்கேதான் படுக்கும். எங்களுக்கு முன்னால் போன வேன் கடைசி நொடியில் ஒதுங்கியதால் அவருக்கு மாடு தாமதமாகத்தான் தெரிந்தது.

அவர் வலது பக்கம் ஒடித்தார். அது சரியாகத்தான் நடந்தது. மாட்டைத் தாண்டிவிட்டோம். எதிரே பேருந்து வந்ததால் திரும்ப இடது பக்கம் ஒடித்தார். அப்போதுதான் அது நடந்தது. காரின் பின்பக்கம் இன்னும் முதல் திருப்பத்திலேயே இருந்தது. இடது பக்கம் சாய்ந்திருந்த பாரம் முழுக்க ஒரே வீச்சில் வலது பக்கம் வந்து விழுந்தது. வால் வீசியது. எங்கேயோ கீழே 'டக்' என்று ஒரு சத்தம். அவர் வலது, இடது என்று மாற்றித் திருப்ப, கார் மறுபடி வீசியது. இந்த முறை முன்னைவிட அதிகமாக. நான் இரண்டு கைகளாலும் மகளைப் பிடித்திருந்தேன், ஆனால் கட்டின் கனத்தை என்னால் நிறுத்த முடியவில்லை. தலையணைகளோடு வழுக்கிப் போய், கட்டுக்கு வெளியே தெரிந்த அவள் பாதம் கதவில் இடித்தது.

கார் ரோட்டை விட்டு இறங்கிச் சேற்றில் நின்றது. பாத்தி வரப்பு கைநீட்டும் தூரத்தில் இருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மகள் விழித்து அழுதாள். நான் அதுவரை கேட்காத அழுகை.

வீட்டுக்கு எப்படி வந்தோம் என்று சரியாக நினைவில்லை, மாட்டு வண்டி வேகத்தில் வந்தோம். மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நர்ஸ் பொறுமையாகக் கேட்டார். விரல்களை அசைக்கிறாளா, விரல்கள் சிவப்பாக இருக்கின்றனவா, வலி மருந்து கொடுத்தால் தூங்குகிறாளா. எல்லாவற்றுக்கும் ஆமாம். அப்படியானால் திங்கட்கிழமை டாக்டர் இருக்கும்போது வாருங்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம், அதற்குள் அழுகை அடங்காவிட்டால் உடனே வந்துவிடுங்கள் என்றார்.

அழுகை அடங்கியது. எனக்குள் அடங்கவில்லை. உடனே கிளம்பிப் போய்விடலாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. அதே காரில், அதே ரோட்டில், அதே ஆட்டத்தோடு. ஒருவேளை இதுவரை நழுவாதது அந்தப் பயணத்தில் நழுவிவிட்டால்? போகாமல் இருந்து, ஏற்கெனவே நழுவியிருந்தால்? மகளின் விரல்களைத் தொட்டுக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். தெருமுனையில் வாடகைக்கு ஓட்டும் பெரிய கார் ஒன்று உண்டு. திங்கட்கிழமைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். அதில் ஒருமுறை பிரம்மதேசத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறேன். உயரமான கார். ஒவ்வொரு வளைவிலும் படகு போலச் சாய்ந்து, எனக்கே வாந்தி வந்தது. பெரிய கார் என்பதால் நல்ல கார் ஆகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. சொல்லி வையுங்கள், ஆனால் முதலில் நம் காருக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை காலை மகளைத் தூங்க வைத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நானும் அவரோடு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். நான் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மெக்கானிக் என் கணவரோடு பள்ளியில் படித்தவர். டிக்கியைத் திறந்து உள்ளே குனிந்தார். மூட்டைகளின் அடிப்பக்கம் கரைந்து, தரைவிரிப்பு வெள்ளையாக இறுகியிருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் அப்பளம் போல உடைந்தது. கீழே தகடு பழுப்பாகப் பொரிந்திருந்தது.

"ஏம்பா, வண்டிய ஊறுகா போட்டு வச்சிக்கிற" என்றார்.

ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். உப்புத்தண்ணீர் டிக்கித் தகட்டின் ஓட்டைகள் வழியாக இறங்கி, வலது பக்க ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் தேங்கியிருக்கிறது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருவேறி முறிந்து, துண்டு கிண்ணத்திலேயே கிடந்தது. எனக்குக் கேட்ட 'டக்' அதுவாக இருக்கலாம். அல்லது முன்பே முறிந்து, கார் தாழ்ந்து நின்றது அதனாலாக இருக்கலாம். வாசல் சரிவு இல்லை. அந்த முறிந்த துண்டைக் கையில் எடுத்தபோது ஆள்காட்டி விரல் பருமன்கூட இல்லை. இதன் மேல்தான் என் மகள் படுத்திருந்தாள்.

லோடு வண்டியெல்லாம் உப்பு சுமந்துதானே ஓடுகிறது என்று என் கணவர் மெல்லக் கேட்டார். அவற்றுக்குத் தகடு தகடாக அடுக்கிய பட்டை இருக்கிறது, அவை அதற்காகவே செய்தவை, இது நாலு பேர் போக விட்ட கம்பி என்றார் மெக்கானிக். பிறகு அவருடைய யோசனையைச் சொன்னார். கெட்டியான ஸ்பிரிங்காகப் போட்டு, சுற்றுகளுக்கு இடையில் ரப்பர் கட்டை சொருகிவிட்டால் கார் ஜென்மத்துக்கும் தாழாது, ஆடாது, கல்லு மாதிரி நிற்கும்.

"அப்பிடியே போட்ரு" என்றார் என் கணவர் உடனே. வால் வீசிய பயம் அவர் கண்ணில் இன்னும் இருந்தது.

கல் மாதிரி நின்றால், ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் மகளின் இடுப்புக்கு வரும். முதல் பயணத்தின் துள்ளலுக்கே திரும்பிப் போவோம். எனக்கு அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. இரண்டு பேரும் நான் இருப்பதையே மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஷாக் அப்சார்பர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மெக்கானிக் ஜாக்கியை இறக்கி, ஸ்பிரிங் நன்றாக இருந்த இடது மூலையைக் கையால் அழுத்திவிட்டார். கார் ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது.

"போயிருக்குது. ஆனா இப்பிடியே ஓட்றவங்க எத்தனையோ பேரு இருக்காங்கம்மா" என்றார்.

கம்பெனியில் வந்த அளவிலேயே ஸ்பிரிங், இரண்டு பக்கமும் புதுசு. ஷாக் அப்சார்பர், இரண்டும் புதுசு. ரப்பர் வேண்டாம், மூட்டை வேண்டாம் என்றேன். இதைச் சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம், அவள் சொல்வதையே செய் என்றார். அவர் அப்படி ஒத்துக்கொண்டது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. இனி என்ன ஆனாலும் அது நான் சொன்னதால் ஆனது.

ஸ்பிரிங் திண்டிவனத்தில் கிடைத்து மதியத்துக்குள் மாட்டிவிட்டார்கள். ஷாக் அப்சார்பர் புதுச்சேரியிலிருந்து சாயங்காலம்தான் வரும். அதுவரை சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பழைய ஷாக் அப்சார்பரோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். ஓட்டிப் பார்ப்பதென்றால், முன்னால் உட்கார்ந்து அல்ல. மகள் படுக்கிற மாதிரி.

பின்சீட்டில் குறுக்கே படுத்தேன். என் உயரத்துக்கு முழங்காலை மடக்கி, அவளைப் போல அகற்றி, இரண்டு பக்கமும் தலையணை வைத்துக்கொண்டேன். தலைக்கு மேலே காரின் கூரைதான் தெரிந்தது. அவள் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். உப்பளத்து ரோட்டில் போகச் சொன்னேன். முதல் வேகத்தடை எப்போது வரும் என்று படுத்திருக்கிறவளுக்குத் தெரியாது. அது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை. உட்கார்ந்திருக்கிறவர் ரோட்டைப் பார்த்துத் தயாராகிவிடுகிறார். படுத்திருக்கும் உடம்பு எதற்கும் தயாராக முடியாது.

வேகத்தடை வந்தது. அடி பலமாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கார் ஏறி இறங்கி ஏறி இறங்கியபோது, ஒவ்வொரு முறையும் என் இடுப்பு சீட்டை விட்டுக் கொஞ்சம் எழுந்து விழுந்தது. ஒரு பள்ளத்துக்காக அவர் சற்று வளைத்தார். என் தலை உருண்டது. இடுப்பு கதவுப் பக்கம் நகர்ந்தது. அதைத் தடுக்க என் தொடை தானாக இறுகியது. அடுத்த அசைவுக்காக இறுக்கியபடியே இருந்தேன். சில நிமிடங்களிலேயே தொடை நடுங்கத் தொடங்கியது. அடியைவிட, அடி முடியாமல் நீள்வதுதான் வலித்தது. நாங்கள் இதம் என்று நினைத்தது முன்சீட்டின் இதம்.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மழை விட்டிருந்ததால் வரப்புகளைப் பார்க்க வந்த உப்பளத்துப் பெண்கள் சிலர் அங்கே நின்றிருந்தார்கள். கால்களை அகற்றிப் பின்சீட்டில் கிடந்த என்னைக் கண்டதும் ஒருத்தி ஓடி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், வலி எடுத்துடுச்சா? ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இல்ல போவணும்?"

பிரசவம் எல்லாம் இல்லை, காரைத்தான் சோதிக்கிறோம் என்று என் கணவர் சொன்னார். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வண்டிய சோதிக்கச் சொன்னா பொண்டாட்டிய சோதிக்கிறாரு" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போனாள். வரப்பு முழுக்கச் சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். நானும் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன், சிரிப்பு முடியும்போது கண் கலங்கிவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஷாக் அப்சார்பர் மாட்டியதும் மறுபடி படுத்தேன். அதே ரோடு, அதே வேகத்தடை. இந்த முறை அடி முன்னைவிடப் பலமாக இருந்தது. சட்டென்று, நேராக முதுகில் ஒரு குத்து. தவறு செய்துவிட்டேன், மெதுவாக இருந்ததைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அடுத்த ஆட்டத்துக்காகத் தொடையை இறுக்கினேன். ஆட்டம் வரவில்லை. கார் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தைச் சுற்றி வளைத்தபோது கார் சாய்ந்தது, உடனே நிமிர்ந்தது. என் இடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னொரு முறை போகச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு குத்து, பிறகு ஒன்றுமில்லை. எது நல்லது? ஒருமுறை பலமாக வலித்து முடிவதா, மெதுவாக வலித்து முடியாமலிருப்பதா? என் உடம்பு சொன்னதை அவள் உடம்பும் சொல்லுமா? அவளுக்கு வாய் இல்லை. நான் படுத்திருந்தது கட்டு இல்லாமல். யோசித்துக்கொண்டே இருந்தவளுக்கு, தொடை இறுகாமல் தளர்ந்து கிடப்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தக் குத்தையாவது குறைக்கலாமே என்று டயர் காற்றைப் பார்க்கச் சொன்னேன். மைலேஜுக்காக அவர் எப்போதும் கூடுதலாக அடித்து வைப்பார். கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவுக்கு இறக்கினோம். குத்தின் கூர்மை போனது. வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த முடிவு சரியா என்று யோசித்தேன். இரண்டு முறை வாடகைக் காரைத் திரும்பக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன்.

திங்கட்கிழமை தூறல் இல்லை. மகளை அதே இடத்தில் படுக்க வைத்தேன். இந்த முறை ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் அவளிடம் சொன்னேன், பாப்பா, இப்ப ஒரு குதி வரும் என்று. அவளுக்குப் புரிந்திருக்காது. இரண்டு மூன்று முறை கழித்து, நான் சொன்னதும் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். குத்து வந்தது. முகத்தைச் சுளித்தாள். அழுகைக்கு முந்தைய அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தேன். அவள் மறுபடி கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

காலாப்பட்டில் ஒரு கல்லூரிப் பேருந்து எங்களை முந்திக்கொண்டு சட்டென்று உள்ளே வந்தது. அவர் பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒதுக்கினார். நான் மகள்மேல் கவிழ்ந்தேன். கார் குனிந்தது, சாய்ந்தது, நிமிர்ந்தது. நான் அடுத்த வீச்சுக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் அவர் முன்னாலிருந்து. அவர் குரல் நடுங்கியது, கார் நடுங்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்த நேரம்தான் எல்லாவற்றிலும் மோசம். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். நான் மகளின் விரல்களைத் தொட்டுக்கொண்டிருந்தேன். எங்களைக் கூப்பிட்டபோது டாக்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரமெடுத்துப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். ஒரு கோடு இழுத்தார்.

"எடத்துலதாம்மா இருக்குது. நகரல."

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே, கார் வீசியதைச் சொன்னேன், ரோட்டில் குலுங்கினால் நழுவிவிடுமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம். அன்று கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

"கட்டு ஒழுங்கா இருக்கிற வரைக்கும் குலுக்கலுக்கெல்லாம் நழுவாது. வலிக்கும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அவ்ளோதான். நான் அதற்குச் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். ஆனால் வெளியே வந்தபோது, இத்தனை நாள் வலித்தது வலித்ததுதானே என்றும் தோன்றியது. நழுவுமோ என்கிற ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்ததில், வலி ஒரு பெரிய விஷயமாகவே எனக்குப் படாமல் போயிருந்தது. அவளுக்கோ அது ஒன்றுதான் தெரியும்.

அவர் காரை எடுத்துவரப் போனார். மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் காத்திருந்தேன். மருத்துவமனை கேட்டுக்குள்ளே ஒரு வேகத்தடை இருக்கிறது. எங்கள் கார் அதில் ஏறுவதைப் பார்த்தேன். முன்பக்கம் ஏறி இறங்கியது. பிறகு பின்பக்கம் ஏறி, இறங்கி, அதோடு நின்றது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.